குக்கர் கைப்பிடி ஏன் உருகுவதில்லை? செருப்புத் தைப்பவரின் மகன் கண்டுபிடித்த ரகசியம்!

ஒலக்கூரில் ஓட்டு வீடாக இருந்தாலும் சரி, சென்னையில் பத்தாவது மாடி ஃபிளாட்டாக இருந்தாலும் சரி, குக்கருக்குப் பெரும்பாலும் கறுப்புக் கைப்பிடிதான். உள்ளே சாதம் கொதித்து விசில் அடிக்கும். பாத்திரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும். ஆனால், கைப்பிடியைப் பிடித்து நீங்க சாவகாசமா இறக்கி வைப்பீங்க. அவ்வளவு சூட்டிலும் அது ஏன் இளகிப் போகவில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா?

அதற்குப் பின்னால் இருப்பவர் லியோ பேக்லேண்ட்.

படிக்க வைத்த அம்மா

1863 நவம்பர் 14 அன்று பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். பையனும் தன் தொழிலுக்கே வரட்டும் என்று அப்பா நினைக்க, படிக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றார் அம்மா. உதவித்தொகையில் படித்த லியோ, 21 வயதிலேயே வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

தன் பேராசிரியரின் மகள் செலினை 1889-ல் கல்யாணம் செய்துகொண்டார். அதே ஆண்டு அமெரிக்கா போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஆரம்பத்தில் உடல்நலமும் கெட்டது, கையில் காசும் இல்லை. வெயிலுக்காகக் காத்திருக்காமல் விளக்கு வெளிச்சத்திலேயே போட்டோ பிரின்ட் போட உதவும் ‘வெலாக்ஸ்’ தாளை உருவாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1899-ல் கோடக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் அந்தத் தொழிலைப் பெரும் தொகை கொடுத்து வாங்கினார். 35 வயதில் பேக்லேண்ட் பணக்காரர். நியூயார்க் அருகே யாங்கர்ஸில் வீடு வாங்கி, அங்கேயே ஓர் ஆய்வகமும் அமைத்தார்.

அரக்குக்கு மாற்று

அப்போது மின்சாரம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. மின் கருவிகளில் காப்புப் பூச்சாகப் பயன்பட்டது எது தெரியுமா? நம்ம ஊர் அரக்கு! இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சின்னப் பூச்சிகள் சுரப்பது. தேவை ஏறியது, பூச்சிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. சூடு பட்டால் அரக்கு இளகும். முத்திரை வைக்க அதை உருக்குவதைப் பார்த்திருப்பீங்க. அது எளிதில் தீப்பற்றும் என்பது பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டிய துரியோதனனுக்கும் தெரிந்திருந்தது!

ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கலந்து அரக்குக்கு மாற்று செய்ய இறங்கினார் பேக்லேண்ட். இந்தக் கலவையை 1872-லேயே ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் வான் பேயர் செய்து பார்த்திருக்கிறார். கிடைத்தது பாத்திரத்தை விட்டு வராத பிசின். பேக்லேண்டின் முதல் முயற்சியான ‘நோவோலாக்’ பிசினும் சந்தையில் எடுபடவில்லை.

சூடாக்கினால் கலவை பொங்கி நுரைத்து, ஓட்டை ஓட்டையாக இறுகியது. அதனால் மற்றவர்கள் சூட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். பேக்லேண்ட் நேர்மாறாக யோசித்தார். சூட்டைக் கூட்டினார், நுரைக்காமல் இருக்க மூடிய கலத்தில் அழுத்தமும் கொடுத்தார். அட, அதுவே ஒரு குக்கர்தானே! 1907-ல் கெட்டியான, உருகாத பொருள் கிடைத்தது. ‘பேக்லைட்’ என்று பெயர் வைத்து, 1909 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தார்.

வெல்லப்பாகு இறுகினாலும் சூடாக்கினால் மறுபடி இளகும். வெந்த இட்லி மறுபடி மாவாகுமா? பேக்லைட் இட்லி ரகம்.

உள்ளே நடந்தது என்ன?

ஒவ்வொரு ஃபீனால் மூலக்கூறுக்கும் பக்கத்தில் இருப்பவரோடு கோத்துக்கொள்ள மூன்று கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்க. வேக வேக, ஃபார்மால்டிஹைடு பாலம் போட, எல்லாக் கைகளும் சிக்குக் கோலம் போலப் பின்னிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சூடு வந்தாலும் பிரிந்து ஓட வழியில்லை.

இதை பேக்லேண்டால் நேரில் பார்க்க முடியவில்லை. கரைகிறதா, இளகுகிறதா, தட்டினால் உடைகிறதா என்று சோதித்தே ஏ, பி, சி என மூன்று நிலைகளாகப் பிரித்தார்.

இன்று அதைக் காட்டுவது அகச்சிவப்பு நிறமாலைக் கருவி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த, கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் இதற்கு ஆதாரம். அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் கதிரை மட்டும் உறிஞ்சும். எது குறைந்தது என்பதை ஈ.சி.ஜி. போலக் கருவி கோடாக வரைந்து காட்டும். பிசின் வேகும்போது, இன்னும் இணையாத கைகளைக் காட்டும் 1,010-ஐ ஒட்டிய பள்ளம் சிறுத்துக்கொண்டே வரும். பாலங்களைக் காட்டும் 1,470-ஐ ஒட்டிய பள்ளம் வளரும். ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்பதே இந்த எண். கோடு மாறுவது நின்றால், அந்தச் சூட்டில் வேக வேண்டியது வெந்துவிட்டது.

இது வெறும் ஆராய்ச்சி ஆசை இல்லை. அரைவேக்காடாக இருந்தால் கைப்பிடி சூட்டில் உப்பும், விரிசல் விடும். ராக்கெட் மோட்டார்களின் நாசிலுக்கு உள்பூச்சாக இருப்பதும் இதே ஃபீனாலிக் குடும்பம்தான். அங்கே அரைவேக்காடு என்றால் விளைவை நீங்களே ஊகிக்கலாம்.

கடைசிக் காலம்

1939-ல் நிறுவனம் யூனியன் கார்பைடு கைக்குப் போனது. பேக்லேண்ட் மெல்ல மெல்லத் தனிமைக்குள் போனார். ஃபுளோரிடாவில் மாளிகை இருந்தும், டின்னில் அடைத்த உணவைச் சாப்பிட்டே நாள்களைக் கழித்தார். 1944 பிப்ரவரி 23 அன்று, 80 வயதில் இறந்தார். தொழிற்சாலைகளில் அகச்சிவப்புக் கருவிகள் நுழையத் தொடங்கியிருந்த நேரம் அது.

அன்று சந்தையில் தோற்ற அந்த நோவோலாக்? அதில் இறுக்கும் பொருளையும் மரத்தூளையும் சேர்த்து அச்சில் அழுத்தித்தான் இன்று இத்தகைய கைப்பிடிகளில் பலவற்றைச் செய்கிறார்கள்.

கடைசியா ஒரு விஷயம். உங்க குக்கர் கைப்பிடி விரிசல் விட்டால், சூடு காட்டி ஒட்டப் பார்க்காதீங்க. உருகாது, கருகத்தான் செய்யும். கடையில் புதுசு வாங்கி மாட்டிடுங்க!