டேப்பைத் திருப்பி மாட்டிய ஜான் லெனன்: தன் குரலே பிடிக்காத பாடகரின் கதை

1966 ஏப்ரல். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் வேலை முடிந்து, பின்னிரவில் வெய்பிரிட்ஜில் இருந்த தன் வீட்டுக்குப் போகிறார் ஜான் லெனன். செம களைப்பு. கையில் அன்று பதிவு செய்த 'ரெயின்' பாட்டின் டேப். தூங்குவதற்கு முன் ஒருமுறை கேட்கலாமே என்று வீட்டு ரீல் மெஷினில் மாட்டுகிறார். வருவது அவருடைய குரல்தான், ஆனால் அது எந்த மொழியிலும் இல்லை. சொற்கள் வாலில் தொடங்கித் தலையில் முடிகின்றன. மெஷின் ரிப்பேர் எல்லாம் இல்லை. டேப்பை மாற்றி மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ரீல் டேப்பைப் பார்த்தே இராதவர்களுக்கு: மெஷினில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். இடது சக்கரத்தில் இருந்து டேப் ஓடி, நடுவில் உள்ள ஹெட்டை உரசிக்கொண்டு, வலது சக்கரத்தில் சுற்றும். ஓடி முடித்ததும் பாட்டின் கடைசிப் பகுதி ரீலின் வெளிப்பக்கம் இருக்கும். அதைத் திரும்பச் சுற்றாமல் அப்படியே இடப்பக்கம் மாட்டினால், பாட்டு பின்னாலிருந்து ஓடும்.

கேட்க எப்படி இருக்கும்? பியானோ கட்டையைத் தட்டினால் ஒலி சட்டென்று எழும்பி மெல்லத் தேயும். திருப்பினால், எங்கிருந்தோ மெல்ல வீங்கி வந்து, கத்தரித்த மாதிரி நின்றுபோகும். பேச்சு இன்னும் வேடிக்கை. 'விகடகவி'யை எப்படிப் படித்தாலும் ஒன்றுதானே என்று நினைப்போம். அது எழுத்தில்தான். டேப்பில் திருப்பினால் 'இவகடகிவ்' என்றுதான் கேட்கும். டேப்புக்கு எழுத்து தெரியாது, ஒலி மட்டுமே தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் டேப்பை எடுத்துச் சரியாக மாட்டியிருப்பார்கள். லெனன் சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய், பாட்டு முழுவதையுமே அப்படிப் போட வேண்டும் என்று அடம்பிடித்ததாகச் சொல்வார்கள். கடைசியில், பாட்டு முடியும் இடத்தில் மட்டும் அவர் குரல் தலைகீழாக ஒலிக்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்ன கதை வேறு: லெனன் வெளியே போயிருந்தபோது, குரலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது தான்தான் என்றார் அவர். இரண்டில் எது உண்மையோ, பாட்டில் அந்தத் தலைகீழ்க் குரல் நிலைத்தது. டேப்பைத் திருப்புவது ஒன்றும் புதுசு இல்லை. பாரிசில் பியர் ஷேஃபர் போன்றவர்கள் 1940களிலேயே பதிவு செய்த ஒலிகளைத் திருப்பியும் வெட்டியும் இசை செய்தார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்து இசை. 'ரெயின்' கடைத்தெருவில் விற்ற ரெக்கார்டு.

லெனனை அது ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அவருக்குத் தன் குரல் பிடிக்காது. உலகமே கொண்டாடிய குரலை மறைக்கச் சொல்லி இன்ஜினியர்களை நச்சரித்துக்கொண்டே இருப்பார். அதே ஏப்ரல் 6 அன்று 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு, மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார். 20 வயது இன்ஜினியர் ஜெஃப் எமெரிக், குரலை ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கருக்குள் அனுப்பினார். குரலைக் கெட்டியாக்க ஒரே வரியை இரண்டு தடவை பாட வேண்டும். லெனனுக்கு அது அலுப்பு. அதற்காகவே ஸ்டூடியோ ஊழியர் கென் டவுன்சென்ட், குரலை டேப்பிலேயே தானாக இரட்டிக்கும் முறையை உருவாக்கினார்.

1940 அக்டோபர் 9 அன்று லிவர்பூலில் பிறந்தவர் லெனன். அப்பா கப்பல் வேலையில் போய்விட்டார். வளர்த்தது பெரியம்மா மிமி. பாஞ்சோவில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அம்மா ஜூலியா, 1958 ஜூலையில் கார் மோதி இறந்தார். லெனனுக்கு அப்போது வயது 17. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1957 ஜூலை 6 அன்று, வூல்டன் தேவாலய விழாவில் அவர் பாடியதை உள்ளூர் இளைஞர் ஒருவர் ரீல் மெஷினில் பதிந்து வைத்தார். பால் மெக்கார்ட்னியை லெனன் முதன்முதலில் சந்தித்ததும் அதே நாள். அந்த டேப் இன்றும் இருக்கிறது.

1966 ஆகஸ்ட்டோடு பீட்டில்ஸ் மேடைப் பயணங்களை நிறுத்தியது. டேப்பை வைத்து செய்த வித்தைகளை மேடையில் செய்யவும் முடியாது. அதே ஆண்டு வந்த 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டில், ஜார்ஜ் ஹாரிசன் கிடார் துண்டைத் தலைகீழாக யோசித்து வாசித்து, பிறகு டேப்பைத் திருப்பினார். சில நொடி இசைக்கு மணிக்கணக்கில் உழைப்பு.

விளையாட்டு 1969இல் வினையாச்சு. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் வானொலிக்கு ஒரு நேயர் போன் செய்து, முந்தைய ஆண்டு வந்த 'ரெவல்யூஷன் 9' ரெக்கார்டைத் திருப்பி ஓட்டச் சொன்னார். அதில் லெனன் கோத்திருந்த 'ஒன்பது' என்ற எண்ணைச் சொல்லும் குரல், தலைகீழில் செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேசுவதாகப் பலருக்குக் கேட்டது. மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அதைத்தான் மறைக்கிறார்கள் என்ற வதந்தி தீயாகப் பரவியது. உண்மையில் அது ஸ்டூடியோவில் கிடந்த ஒரு பழைய டேப்பிலிருந்து எடுத்த, யாரோ ஒருவரின் குரல். ஸ்காட்லாந்து பண்ணையில் குடும்பத்தோடு இருந்த மெக்கார்ட்னி, தான் உயிரோடு இருப்பதை 'லைஃப்' பத்திரிகைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. காது எதை எதிர்பார்க்கிறதோ, இரைச்சலிலும் அதையே கேட்டுவிடும். வாட்ஸ்அப் காலத்துக்கு இது புரியாத விஷயமா என்ன?

1980 டிசம்பர் 8 இரவு, யோகோ ஓனோவின் பாட்டு ஒன்றுக்கு ஸ்டூடியோவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40.

வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து அவர் பாடி வைத்த கேசட்டுகள் எஞ்சின. 1994இல் யோகோ அவற்றை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அதிலிருந்து 1995இல் 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' வந்தது. அதன் கடைசியில் லெனன் பேசிய ஒரு துண்டை, பழைய நினைவாகத் தலைகீழாகவே சேர்த்தார்கள். அதே கேசட்டுகளில் இருந்த 'நவ் அண்ட் தென்' மட்டும் கைவிடப்பட்டது. பியானோ ஒலி குரலை அமுக்கியது, பிரிக்க வழியில்லை. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் அந்தக் குரலைத் தனியே பிரித்தெடுத்த பிறகு, 2023 நவம்பர் 2 அன்று பாட்டு வெளியானது. மறைக்கச் சொல்லி அவர் கெஞ்சிய குரல், பியானோ இல்லாமல் தனியாகக் கேட்டது.