நாற்பது ஆண்டு நீண்ட மனந்திரும்புதல்

பிறர் பாவத்துக்காகக் குற்றமற்ற ஒருவர் சிலுவையில் துன்புற்றார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் மையம். அந்தத் துன்பத்தை உணர்ந்தவரிடம் அது எதிர்பார்ப்பவை இரண்டு: மனந்திரும்புதல், நன்றியுணர்வு. இவ்விரண்டும் ஒரு மனிதருக்குள் முழுமை பெற எத்தனை காலம் ஆகும் என்பதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கை சான்று.

1725-இல் லண்டனில் பிறந்த நியூட்டன், ஏழு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். 11 வயதில் தந்தையுடன் கப்பலேறினார். 1744-இல் பிரிட்டிஷ் கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். தப்பியோட முயன்று பிடிபட்டு, கசையடி பெற்றார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்து, பசியாலும் நோயாலும் வாடினார். இறைநம்பிக்கையை ஏளனம் செய்வதில் மாலுமிகளையே மிஞ்சினார்.

1748 மார்ச்சில், தாயகம் திரும்பிய கப்பல் வடக்கு அட்லாண்டிக்கில் கடும் புயலில் சிக்கியது. மணிக்கணக்கில் நீரை இறைத்தும், சுக்கானைப் பிடித்தும் போராடிய 22 வயது இளைஞர், பல்லாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இறைவனின் இரக்கத்தை வேண்டினார். சிதைந்த கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. புயலிலிருந்து மீண்ட நியூட்டன், 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பல்களின் தலைவராக இருந்தார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் கருதப்பட்டவர்களின் கட்டைவிரல்களை இரும்புத் திருகால் நெரித்ததை அவருடைய கப்பல் குறிப்பேடே பதிவு செய்திருக்கிறது. அவர் கடலை விட்டதற்குக் காரணம் மனச்சான்று அன்று. 1754-இல் திடீரெனத் தாக்கிய நோய்.

லிவர்பூலில் சுங்கத் துறைப் பணி, 1764-இல் குருப்பட்டம், ஓல்னி என்ற சிற்றூரில் திருப்பணி என வாழ்க்கை திசைமாறியது. உலகெங்கும் இன்று பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக எழுதினார். தகுதியற்ற தனக்குக் கிடைத்த அருளுக்கு நன்றி கூறும் அந்தப் பாடலில், அவர் கப்பல்களில் துன்புற்றவர்கள் இடம்பெறவில்லை. கடவுளுக்குச் செய்த குற்றத்தை உணர்ந்தவர், மனிதர்களுக்குச் செய்த குற்றத்தைப் பொதுவெளியில் பேச மேலும் 15 ஆண்டுகள் ஆயின.

1785-இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அரசியலைத் துறந்து சமயப் பணிக்குச் செல்லலாமா என்ற குழப்பத்துடன் அவரை நாடி வந்தார். நாடாளுமன்றத்திலிருந்தே இறைவனுக்குத் தொண்டாற்றுமாறு நியூட்டன் அறிவுறுத்தினார். அடிமை வணிக எதிர்ப்பியக்கத்தின் நாடாளுமன்றக் குரலாக வில்பர்ஃபோர்ஸ் பின்னர் உயர்ந்தார்.

1788-இல், தமது 62-ஆவது வயதில், ஆப்பிரிக்க அடிமை வணிகம் குறித்த சிறுநூலை நியூட்டன் வெளியிட்டார். அலமாரியில் புத்தகங்களை அடுக்குவதுபோல் மனிதர்கள் அடுக்கப்பட்டதையும், பெண்கள் சீரழிக்கப்பட்டதையும், சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்கள் காற்றின்றி மடிந்ததையும் நேரில் கண்டவராக எழுதினார். அந்த வணிகத்தில் தாமும் பங்கேற்றதை மறைக்கவில்லை. இந்த ஒப்புதல் மிகவும் தாமதமானது என்பதையும் ஏற்றுக்கொண்டார். மன்னரின் ஆலோசனைக் குழு முன்பும், நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சியம் அளித்தார். அடிமைக் கப்பலை நடத்தியவரே சொன்ன சாட்சியம் என்பதால், அதைக் கற்பனை என்று தள்ளிவிட எதிர்த்தரப்பால் இயலவில்லை.

1807 மார்ச்சில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பார்வை மங்கிய நிலையில் அந்தச் செய்தியைக் கேட்ட நியூட்டன், அவ்வாண்டு டிசம்பர் 21-இல் 82-ஆவது வயதில் காலமானார்.

அவர் கப்பல்களில் கொண்டு செல்லப்பட்டவர்கள் யாரும் அவருடைய சாட்சியத்தால் விடுதலை பெறவில்லை; அந்த இழப்பை எந்த மனந்திரும்புதலும் ஈடுசெய்யாது. எனினும், பாவம் மன்னிக்கப்பட்டது என்று நம்பியவர், மன்னிக்கப்பட்டதாலேயே அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னார். பிறருடைய துன்பத்தால் தாம் வாழ்வு பெற்றதாக நம்பும் ஒருவர், தம்மால் துன்புற்றவர்களை நோக்கித் திரும்பும்போதுதான் அந்த நன்றி முழுமை பெறுகிறது.