கிறிஸ்துமஸ் ஒயினும் லூயி பாஸ்டரும்: திராட்சைத் தோட்டத்தில் தொடங்கிய மருத்துவப் புரட்சி

பெங்களூரு: கிறிஸ்துமஸ் மாலையில் காக்ஸ் டவுன் வீடுகளுக்கு விருந்தினராகச் செல்வோருக்கு, பிளம் கேக்குடனும் குல்குல்லுடனும் சிறிய கண்ணாடிக் கோப்பையில் அடர்சிவப்பு ஒயின் வழங்கப்படுவது பழைய கன்டோன்மென்ட் பகுதியின் வழக்கம். ஆங்கிலோ இந்தியர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாகக் காத்துவரும் வழக்கம் இது. பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களில் விளையும் 'பெங்களூர் ப்ளூ' என்ற கருந்திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவைப்பார்கள். பண்டிகை நாளில் ஜாடியைத் திறக்கும்போது ஒரு கேள்விக்கு விடை தெரியும்: உள்ளே இருப்பது ஒயினா, காடியா?

இந்தக் கேள்விக்கு அறிவியல் விடை கண்டவர் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்துப் பிறந்தவர். 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸின் டோல் நகரில் பிறந்த லூயி பாஸ்டரை உலகம் வெறிநாய்க்கடி தடுப்பூசிக்காகவும் பால் பதப்படுத்தும் முறைக்காகவும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய பெயரைத் தாங்கிய அந்தப் பதப்படுத்தும் முறை முதலில் காப்பாற்றியது பாலை அன்று, ஒயினை.

தோல் பதனிடுபவரின் மகன்

தந்தை ழான் ஜோசப், நெப்போலியன் படையில் சார்ஜென்டாக இருந்து திரும்பித் தோல் பதனிடும் தொழில் செய்தவர். குடும்பம் குடியேறிய அர்புவா, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். துரூசோ, புல்சார் ஆகிய சிவப்புத் திராட்சை வகைகளுக்குப் பெயர் பெற்ற மண் அது. சிறுவன் லூயி படிப்பைவிட ஓவியத்தில் சிறந்து விளங்கினான். அவன் வரைந்த பெற்றோரின் வண்ண ஓவியங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

பாரிஸில் வேதியியல் பயின்ற பாஸ்டரின் முதல் பெரிய கண்டுபிடிப்புக்கும் ஒயின் பீப்பாயோடு தொடர்பு உண்டு. பீப்பாயின் அடியில் படியும் உப்பிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் படிகங்களையும், அதன் மாறுபட்ட வடிவமான ரேசமிக் அமிலத்தின் படிகங்களையும் 1848-ல் அவர் ஆராய்ந்தார். ரேசமிக் அமில உப்பின் படிகங்களில், இடக்கையும் வலக்கையும் போல் ஒன்றுக்கொன்று எதிர்வடிவமான இரு வகைகள் கலந்திருப்பதை நுண்ணோக்கியின் கீழ் பிரித்துக் காட்டியபோது அவருக்கு வயது 25. மறு ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் மரி லோரானை மணந்தார். 1854-ல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலை ஒன்றில் ஏற்பட்ட கோளாறை அங்கு ஆராயப்போய், நொதித்தல் என்பது உயிருள்ள ஈஸ்ட்டின் செயல் என்ற முடிவை அடைந்தார். உயிருக்கு அதில் பங்கில்லை, அது வெறும் வேதிமாற்றமே என்று அக்காலத்துப் பெரிய வேதியியலாளர்கள் கருதி வந்தனர்.

கசந்துபோன ஒயின்

1860-ல் இங்கிலாந்துடன் ஏற்பட்ட வணிக ஒப்பந்தம் பிரெஞ்சு ஒயினுக்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது. ஆனால் வழியிலேயே ஒயின் கெட்டது. சில பீப்பாய்களில் புளித்தது, சிலவற்றில் கலங்கியது. பர்கண்டியின் விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களுக்குக் கசப்பு நோய் என்றே ஒரு நோய் இருந்தது. நிறமும் மணமும் மிக்க நல்ல ஒயின், பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த பின் வாயில் வைக்க முடியாதபடி கசந்துபோகும். 1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதனை ஆராயும் பொறுப்பைப் பாஸ்டரிடம் அளித்தார்.

பாஸ்டர் சென்றது தம் சொந்த ஊரான அர்புவாவுக்கு. பழைய காபிக்கடை ஒன்று ஆய்வகமாயிற்று. உள்ளூர்த் தச்சரும் தகரக் கொல்லரும் கருவிகள் செய்து தந்தார்கள். தோட்டக்காரர்கள் கொண்டுவந்த ஒயினில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அதன் சுவை என்னவாக இருக்கும் என்பதைக் குடிக்காமலேயே அவரால் சொல்ல முடிந்தது. புளித்த ஒயினில் ஒரு வகை நுண்ணுயிர், கசந்த ஒயினில் வேறு வகை. ஒவ்வொரு கேட்டுக்கும் உரிய கிருமி இருந்தது.

தீர்வு எளிது. மூடிய பாட்டிலில் ஒயினைச் சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சற்று நேரம் சூடாக்கினால் கிருமிகள் செயலிழந்தன. 1865 ஏப்ரலில் இதற்குக் காப்புரிமை பெற்ற பாஸ்டர், பின்னர் அதனை அனைவருக்கும் பொதுவாக்கிவிட்டார். அவருக்கு முன்பே நிக்கோலா அப்பேர் ஒயினைச் சூடாக்கிப் பார்த்திருந்தார். முன்னுரிமை குறித்துப் பர்கண்டியில் வழக்காடியவர்களும் உண்டு. சூடாக்குவது ஏன் பலனளிக்கிறது என்பதைக் காட்டியதே பாஸ்டரின் பங்கு.

சுவைஞர்களின் நாக்கு

சூடாக்கினால் ஒயினின் நயம் போய்விடும் என்றார்கள் வணிகர்கள். ஒயின் சுவைப்போர் முன்னிலையில் சூடாக்கியதையும் சூடாக்காததையும் அருகருகே வைத்துப் பாஸ்டர் ஒப்பிடச் செய்தார். வேறுபாடு கண்டதாகப் பலர் உறுதியாகக் கூறினர். அப்போது அவர் ஒரு சோதனை செய்தார். ஒரே ஒயினை இரு கோப்பைகளில் ஊற்றி, வெவ்வேறானவை என்ற நம்பிக்கையில் அவர்கள் பருகும்படி செய்தார். அதிலும் வேறுபாடு கண்டார்கள். நாக்கைவிடக் கற்பனை முந்திக்கொள்கிறது என்பது அன்றே வெளிப்பட்டது. லேபிளை மறைத்து நடத்தப்படும் இன்றைய ஒயின் சுவைப்பு நிகழ்ச்சிகளிலும் இதே கதை அடிக்கடி நிகழ்வதுண்டு.

இறுதித் தீர்ப்பைக் கடல் வழங்கியது. பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ழான் பார்' என்ற கப்பலில் 500 லிட்டர் ஒயின் ஏற்றப்பட்டது. அதில் பாதி சூடாக்கப்பட்டது. பத்து மாதப் பயணத்துக்குப் பின் திறந்தபோது சூடாக்கிய ஒயின் தெளிந்து இனிமையாக இருந்தது. மற்றது புளிப்பை நோக்கிப் போயிருந்தது.

இந்த ஆண்டுகளில்தான் பாஸ்டரின் வீட்டில் மரணம் மீண்டும் மீண்டும் நுழைந்தது. மூத்த மகள் ழான் 1859-ல் ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தாள். இறந்ததும் அதே அர்புவாவில். 1865-ல் தந்தையும் இரண்டு வயதுக் குழந்தை கமீயும் மறைந்தனர். 1866-ல் 12 வயது செசீலும் டைபாய்டுக்குப் பலியானாள். ஒயின் குறித்த அவருடைய நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். ஒயினைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றால், மனிதர்க்கு வரும் காய்ச்சலும் அவ்வாறே வரக்கூடும் என்ற எண்ணம் அவரிடம் வலுத்தது. மருத்துவர் அல்லாத வேதியியலாளர் ஒருவர் இப்படிச் சொல்வதை மருத்துவ உலகம் நெடுநாள் விரும்பவில்லை. 1868 அக்டோபரில் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தைத் தாக்கியது. அதன்பின் வாழ்நாள் முழுதும் இழுத்த நடைதான்.

பஞ்சு சுற்றிய குலைகள்

மறைந்த உடலியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் குறிப்புகள் 1878-ல் வெளியாயின. ஈஸ்ட் இல்லாமலேயே திராட்சைச் சாறு ஒயினாகக்கூடும் என்ற கருத்து அவற்றில் இருந்தது. நண்பரின் கருத்து என்பதற்காகப் பாஸ்டர் விட்டுவிடவில்லை. அர்புவா அருகே தாம் வாங்கியிருந்த திராட்சைத் தோட்டத்தில், காய்கள் பழுக்கும் முன்பே சில கொடிகளைக் கண்ணாடிக் கூடுகளால் மூடினார். சில குலைகளைப் பஞ்சால் சுற்றினார். அக்டோபரில் அறுவடை நாள் வந்தது. வெளியில் பழுத்த திராட்சையின் சாறு வழக்கம்போல் நுரைத்துப் பொங்கியது. மூடி வளர்த்த திராட்சையின் சாறு அப்படியே கிடந்தது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட், பழுக்கும் காலத்தில் வெளியிலிருந்து வந்து தோலில் படிகிறது என்பது உறுதியாயிற்று. பஞ்சு சுற்றிய குலைகளை நிமிர்ந்தபடியே பிடித்துக்கொண்டு அவருடைய குடும்பத்தார் ரயிலில் பாரிஸுக்குக் கொண்டுசென்றனர்.

காக்ஸ் டவுன் சமையலறைகளில் திராட்சையை நன்கு கழுவி, ஈரம் போகத் துடைத்து, பின் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைத் தனியே சேர்ப்போர் உண்டு. தோலின் ஈஸ்ட்டையே நம்பிக் கழுவாமல் போடுவோரும் உண்டு. இரு தரப்புக்கும் விளக்கம் அந்தத் தோட்டத்தில் கிடைக்கிறது. ஜாடியில் ஈரக் கரண்டி படக்கூடாது, நுரை அடங்கியபின் காற்றுப் புக விடக்கூடாது என்ற பாட்டிமார் கட்டளையும் அவ்வாறே. காற்றில் செழிக்கும் நுண்ணுயிரே ஒயினைக் காடியாக்குகிறது என்பதை நிறுவியவரும் பாஸ்டர்தான். அளவான காற்று சிவப்பு ஒயினை முதிரச் செய்கிறது என்றும், மிகுந்தால் நிறம் வெளிறி வண்டல் படிகிறது என்றும் அவர் குழாய்களில் அடைத்துக் காட்டினார்.

எஞ்சிய வாழ்க்கை பள்ளிப் பாடநூல்களில் உள்ளது. ஆட்டின் அடைப்பான் நோய்க்கு 1881-ல் தடுப்பூசி. 1885 ஜூலை 6 அன்று வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசி. 1888 நவம்பரில் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத் திறப்பு. அதன் வழியில் இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் ஆய்வகங்கள் தோன்றின. தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு ஆளானோர் சிகிச்சைக்காக மலையேறிச் சென்றது குன்னூருக்குத்தான்.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 அன்று பாரிஸ் அருகே காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. பின்னர் அவரது உடல் பாஸ்டர் நிறுவனத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டது. அங்குள்ள வண்ணக்கல் ஓவியங்களில் அவர் ஆராய்ந்தவை இடம்பெற்றுள்ளன: வெறிநாய், ஆடுகள், பட்டுப்புழுவுக்கு இரையாகும் முசுக்கொட்டை இலை. அவற்றுடன் திராட்சைக் கொடியும் உள்ளது.