அஷ்ரப் திறந்த ஐந்து வீத வாசல்

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் அம்பாறைக் கரையோரத்தில், தேர்தல் காலம் வந்துவிட்டால் ஆசனக் கணக்குப் பார்க்காத தேநீர்க்கடை இராது. வெட்டுப்புள்ளி, போனஸ் ஆசனம், மீதி வாக்கு என்பன சட்டம் படித்தோர் மட்டுமன்றிக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் அறிந்த சொற்களாகிவிட்டன. சிறுபான்மைச் சமூகங்களின் அரசியல் இந்தக் கணக்கிலேயே தங்கியிருக்கிறது என்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்து, அந்தக் கணக்கின் விதியையே மாற்றியவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் ஆவார்.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்த அவர், கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியானார். தமிழில் கவிதை எழுதியவர். தமிழ் மேடைகளில் ஈடுபாட்டோடு பேசியவர். இளம் வயதில் அவருடைய அரசியல் நம்பிக்கை, தமிழரும் முஸ்லிம்களும் ஓரணியில் நிற்க வேண்டும் என்பதாகவே இருந்தது. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கண்டு உதயசூரியன் சின்னத்தில் வேட்பாளர்களை நிறுத்தியபோது, அதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அஷ்ரபும் ஒருவர். அந்த முஸ்லிம் வேட்பாளர்களில் ஒருவரேனும் வெற்றி பெறவில்லை.

அந்தத் தோல்வியை அன்றைய தேர்தல் முறையோடு சேர்த்தே நோக்க வேண்டும். தொகுதிவாரி முறையில், ஒரு தொகுதியில் ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவருக்கே முழு வெற்றியும் உரியது. ஏனையோருக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் எத்தனை ஆயிரமாயினும் பயனற்றுப் போகும். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடளாவிய வாக்குகளில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியை விடச் சற்றுக் கூடுதலாகப் பெற்றும் 17 ஆசனங்களோடு சுருங்கியது. சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள் கிடைத்தன. 1977இல் நிலைமை தலைகீழாகியது. சுமார் 51 வீத வாக்குகளுக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களைப் பெற்றது. ஏறத்தாழ 30 வீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்களே மிஞ்சின.

பெரிய கட்சிகளுக்கே இக்கதி எனில், சிதறி வாழும் சமூகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்கின்றனர். கல்முனை போன்று செறிந்து வாழும் இடங்களில் முஸ்லிம் உறுப்பினர் தெரிவாக முடிந்தாலும், அவர் பெரிய கட்சியொன்றின் நிழலிலேயே செல்ல வேண்டியிருந்தது. 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்ற எம்.எஸ். காரியப்பர் பின்னர் அரசாங்கத் தரப்புக்கு மாறியதும் இக்கரையோர வரலாற்றின் ஒரு பக்கமே.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. தேர்தல் மாவட்டம் ஒன்றில் பெறும் வாக்குகளுக்கு ஏற்ப ஆசனங்களைப் பகிர்வதே அதன் அடிப்படை. ஆனால் அந்த வாசலில் ஒரு தடையும் இருந்தது. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தை எட்டாத கட்சி ஆசனப் பகிர்விலேயே சேர்க்கப்படாது. சிறிய கட்சிகளைப் பொறுத்தவரை, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகவே இது அமைந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி கிழக்கின் கசப்பான காலம். 1985இல் தமிழ் - முஸ்லிம் வன்செயல்கள் மூண்டன. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலால் அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்புக்கு இடம்பெயர நேர்ந்தது. 1981இல் காத்தான்குடியில் ஆரம்பிக்கப்பட்டிருந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைமையை 1986இல் அவர் பொறுப்பேற்றார். 1988இல் அது அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சியானது. அவ்வருடம் நவம்பரில் நடைபெற்ற வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில், கிழக்கின் 35 ஆசனங்களில் 17 ஆசனங்களை அக்கட்சி வென்றது.

அடுத்த மாதமே ஜனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் ரணசிங்க பிரேமதாசவுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்ட வேளை அது. ஆதரவு கோரப்பட்டபோது அஷ்ரப் முன்வைத்த கோரிக்கை அமைச்சுப் பதவியன்று, வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்க வேண்டும் என்பதே. தேர்தலுக்கு முன்பாகவே அது நிறைவேற வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். அவ்வாறே அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1988 டிசம்பரில், வாக்களிப்புக்குச் சில தினங்கள் முன்பு சட்டமானது. 19ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் பிரேமதாச 50 வீதத்தைச் சற்றே தாண்டி வெற்றி பெற்றார்.

இதனைப் பேரம் என்று விமர்சித்தோர் உண்டு. பேரம்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் கிடைத்த பயன் தனியொரு கட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. நாட்டின் சிறிய கட்சிகள் அனைத்துக்கும் பொதுவான சட்டமாக அது அமைந்தது.

1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களைப் பெற, அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றமும் நிகழ்ந்த வேளையில், அச்சமூகத்தின் துயரத்தைச் சபையில் எடுத்துரைக்கச் சொந்தக் கட்சியின் குரல் இருந்தது. 1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்களே கிடைத்தன. முஸ்லிம் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்களும் மலையக உறுப்பினர் ஒருவரும் சேர்ந்தபோதே 113 என்ற பெரும்பான்மை எட்டப்பட்டது. துறைமுகங்கள், புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சரானார் அஷ்ரப். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானமை அந்தப் பேரம் பேசும் ஆற்றலின் விளைவாகும்.

தனிச் சமூகக் கட்சியின் எல்லையையும் அவர் உணராதவரல்லர். தமது இறுதிக் காலத்தில் எல்லாச் சமூகத்தவர்க்குமாகத் தேசிய ஐக்கிய முன்னணியை அவர் தோற்றுவித்தார். அதன் பலனைக் காணும் முன்பே, 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்க மலைப்பகுதியில் ஹெலிகொப்டர் வீழ்ந்து அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 51.

அவர் மறைந்த பின்னரே அந்த ஐந்து வீதத்தின் முழுப் பெறுமதியும் வெளிப்பட்டது. 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அம்பாறை மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஏறத்தாழ 27 ஆயிரம் வாக்குகளைப் பெற்றது. பத்து வீதத்தைச் சற்றே தாண்டிய அந்த வாக்குகளுக்கு மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் ஒன்று கிடைத்தது. பழைய வெட்டுப்புள்ளி நீடித்திருந்தால் அவ்வாசனம் பெரிய கட்சியொன்றையே சென்றடைந்திருக்கும். முஸ்லிம்களுக்காக ஒரு முஸ்லிம் தலைவர் திறந்த வாசல் வழியே அம்பாறைத் தமிழர்களும் பாராளுமன்றம் சென்றனர். இரு சமூகத்தாரும் இதனை நினைவிற் கொள்வது நன்று.

எனினும், வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. 2020இல் அதே மாவட்டத்தில் இரு தமிழ் அணிகள் தனித்தனியே போட்டியிட்டு, மொத்தத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. 2010இல் பெற்றதைப் போல் இரு மடங்கு வாக்குகள்; பலனோ பூச்சியம். 2024இல்தான் அந்த ஆசனம் மீண்டது. அஷ்ரபுக்குப் பின்னர் பிளவுபட்ட முஸ்லிம் அரசியலுக்கும் இப்பாடம் பொருந்தும். விகிதாசார முறை சிறியோரைக் காக்கும், சிதறுவோரைக் காக்காது.

விருப்பு வாக்குப் போட்டியினால் ஒரே கட்சிக்குள் எழும் பகைமை, தொகுதிக்கெனப் பொறுப்பான உறுப்பினர் இல்லாமை ஆகியன இம்முறையின் குறைகளே. அவற்றைக் களையும் பெயரில் 2017இல் மாகாண சபைகளுக்குக் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. 2020இல் வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 வீதமாக உயர்த்தும் தனிநபர் பிரேரணையும் முன்வைக்கப்பட்டது. இனியும் இத்தகைய முயற்சிகள் எழலாம். 2020இல் நாடளாவிய ரீதியில் நான்கு வீதத்தையும் எட்டாது மூன்று ஆசனங்களோடு இருந்த தேசிய மக்கள் சக்தி, 2024இல் 159 ஆசனங்களுடன் ஆட்சியமைத்தது. இன்றைய சிறிய கட்சி நாளைய ஆளுங்கட்சியாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அஷ்ரபின் பெயரைத் தேர்தல் மேடைகளில் உச்சரிப்பது எளிது. தேர்தல் சீர்திருத்தம் பேசப்படும் ஒவ்வொரு வேளையிலும், அவர் செய்ததைப் போல் கணக்கைக் கையிலெடுத்து, யாருடைய வாக்கு எங்கே பயனற்றுப் போகிறது எனக் கேட்பதே அவருக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடனாகும். அக்கேள்வியைக் கல்முனையின் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்று கேட்பார்களாயின், 1977இல் அந்த இளம் சட்டத்தரணி கொண்டிருந்த நம்பிக்கையும் வீண்போனதாகாது.