கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

கணினி என்றதும் கணக்கையே நினைப்பவர் நம்மிடையே பலர். அதன் பெயரிலேயே கணித்தல் என்னும் பொருள் பொதிந்திருப்பது அவர்தம் எண்ணத்துக்கு வலுவூட்டுகின்றது. செய்நிரல் மொழி எனப்படுவது கணிதத்திலே கைதேர்ந்தவர்க்கும் ஆங்கிலத்திலே புலமையுடையவர்க்குமே உரியது என்றும், கலைப்பிரிவு மாணவனுக்கும் தமிழ்மொழி மூலம் கற்பவனுக்கும் அது எட்டாக் கனி என்றும் கருதி ஒதுங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பறையிலே காண்கின்றேன். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் நம் உருத்திரபுரத்துப் பிள்ளைகளிடம் இவ்வெண்ணம் சற்று மிகுதியாகவே உண்டு. இதே எண்ணம் கணினி தோன்றிய காலத்து அறிஞரிடமும் இருந்தது. அதனை எதிர்த்து நின்று செயலாலே மாற்றிக் காட்டியவர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார். அவர்தம் வரலாற்றைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரிலே எழுதுதல் பொருத்தமெனக் கருதினேன்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு மார்கழி மாதம் 9ஆந் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே பிறந்தார். ஏழு வயதிலே வீட்டிலிருந்த எழுப்புமணிக் கூடு ஒன்று எவ்வாறு இயங்குகின்றது என அறிய விரும்பி அதனைக் கழற்றினார். மீண்டும் பூட்ட இயலவில்லை. வழி தெரியுமோ என்று மற்றொன்றைக் கழற்றினார். இவ்வாறு ஏழு மணிக்கூடுகள் உறுப்புக்களாகப் பரந்து கிடந்தபோதுதான் தாயார் கண்டுபிடித்தார். அன்று முதல் ஒரேயொரு மணிக்கூட்டை மட்டும் கழற்றிப் பார்க்க அவருக்கு இசைவு கிடைத்தது. நோயினால் கால்களை இழந்திருந்த தந்தையார், பெண்மக்களும் ஆண்மகனை ஒப்பக் கல்வி பெறல் வேண்டுமென்பதிலே உறுதியாய் நின்றவர். அதன் பயனாக மகள் 1928இல் வாசர் கல்லூரியிலே பட்டம் பெற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்திலே கணிதத்தில் கலாநிதியானார்.

வாசர் கல்லூரியிலே கணிதம் கற்பித்தபோது அவர் தம் மாணவியரைக் கட்டுரை எழுதச் செய்தார். கணித வகுப்புக்கு வந்தோம், மொழி வகுப்புக்கு அன்று என அவர்கள் முறையிட்டனர். பிறர்க்கு விளங்க எடுத்துரைக்க இயலாதவன் கற்ற கணிதத்தாற் பயனில்லை என்பது அவர் கொள்கை. தமிழாசிரியனாகிய எனக்கு அவர் வாழ்விலே மிகவும் பிடித்த பகுதி இதுவே. பின்னாளில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் இருக்கின்றது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அமெரிக்கக் கடற்படையிலே சேர விரும்பிய அவருக்கு வயது கூடுதல், எடை குறைவு என்று தடை எழுந்தது. சிறப்பு அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டு, 51 அடி நீளமுள்ள மார்க் 1 என்னும் பெருங்கணிப்பொறியின் முன் நிறுத்தப்பட்டார். கட்டளைகள் யாவும் இலக்கங்களாய், கடதாசி நாடாவிலே துளைகளாய் இடப்பட்ட காலம் அது. ஒரு துளை பிழைத்தால் விடை முழுவதும் பிழைக்கும். அப்பொறிக்கு ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கையேடு ஒன்றையும் அவர் ஆக்கினார்.

இங்கு ஒரு கதையைத் திருத்துதல் நலம். கணினியின் பிழையை ஆங்கிலத்திலே பூச்சி என்னும் பொருள்படும் சொல்லாலே குறிப்பதற்கு அம்மையாரே காரணர் எனப் பலரும் எழுதுவர். 1947 புரட்டாதி 9ஆந் திகதி மார்க் 2 பொறியினுள்ளே அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்ததும், அது குறிப்பேட்டிலே ஒட்டப்பட்டதும் உண்மையே. ஆயினும் அதைக் கண்டெடுத்தவர் அவரல்லர்; அச்சொல் வழக்கும் அதற்கு முற்பட்டது. நம் பாடநூலார் அதனை வழு என்கின்றனர். இலக்கணத்திலிருந்து எடுத்த அச்சொல் பூச்சியிலும் எத்துணை நன்று!

1949இல் அம்மையார் பிலடெல்பியா நகரிலே யூனிவாக் கணினியை ஆக்கிய நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே செய்நிரல் எழுதுவோர், முன்னர் எழுதிச் சரிகண்ட பகுதிகளை ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றொருவர் பெயர்த்தெழுதி வந்தனர். பெயர்த்தெழுதுங்கால் இலக்கங்கள் மாறின, வழுக்கள் பெருகின. ஏடு பெயர்த்தெழுதிய காலத்துப் பாடபேதங்களை அறிந்த நமக்கு இது புதிதன்று. சலிப்பின்றிப் பெயர்த்தெழுதும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என்று எண்ணினார் அம்மையார். அவ்வாறு 1952இல் உருவானதே ஏ-0 என்னும் தொகுப்பான். இன்றைய வரைவிலக்கணப்படி அது முழுத் தொகுப்பான் அன்று. எனினும் வழிகாட்டி அதுவே. கணினி எண்களைக் கூட்டிக் கழிக்குமேயன்றிச் செய்நிரல் எழுதாது என்று கூறி, அதனைத் தொட்டுப் பார்க்கவும் பலர் மறுத்தனர்.

அடுத்து அவர் எண்ணியது இன்னும் பெரிது. குறியீடுகளை விரும்பும் கணிதர் சிலரே. சம்பளப் பட்டியல் எழுதுவோரும் பண்டசாலைக் கணக்கு வைப்போரும் மிகப் பலர். நம் கூட்டுறவுச் சங்கத்திலே எத்தனை மூடை நெல் வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுபட வேண்டும் என எழுதுபவர்க்குக் குறியீடு எதற்கு? அவர் அறிந்த சொற்களாலேயே கட்டளை எழுதலாகாதா? இக்கேள்வியிலிருந்து பிறந்தது புளோமாற்றிக் என்னும் மொழி. கணினிக்கு ஆங்கிலம் விளங்காது என்று மேலோர் மறுத்தனர். பொறிக்கு எந்த மொழியும் விளங்காது, சொல் என்பது அதற்கு ஒரு குறிக்கோலமே என்பதை நிறுவ, அதே கட்டளைகளைப் பிரெஞ்சு மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் எழுதி இயக்கிக் காட்டினார். வந்தது வினை! அமெரிக்காவிலே செய்த பொறி அந்நிய மொழியை எவ்வாறு அறியும் என அவர்கள் திகைத்துப்போயினர். பின்னர் ஆங்கிலம் மட்டுமே என உறுதி கூறவேண்டியதாயிற்று. இன்று எழில் என்னும் பெயரிலே தமிழ்ச் சொற்களாலான செய்நிரல் மொழியொன்று உண்டென்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

1959இல் அமெரிக்க அரசும் நிறுவனங்களும் கூடி வணிகத்துக்கெனப் பொதுமொழி ஒன்றை வகுத்தன. அதுவே கோபோல். அதனை அம்மையார் தனியே ஆக்கினார் என்பதும் பிழை, ஆக்கியது ஒரு குழு, அவர் ஆலோசகர். அவரது புளோமாற்றிக்கே அதற்கு அடிப்படையாயிற்று. மறு ஆண்டு மார்கழியிலே, வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கணினிகளில் ஒரே கோபோல் செய்நிரல் இயங்கிற்று. சொற்பெருக்கம் மிக்கதென அறிஞர் பலர் அதனை இகழ்ந்தனர். சூத்திரம் கணிப்பதற்கு 1957இல் வெளிவந்த போட்ரானும், குறியீட்டு ஆராய்ச்சிக்கு லிஸ்ப்பும் இருந்தன. அவற்றின் வேலையைக் கோபோலிடம் எதிர்பார்த்தல் மண்வெட்டியால் நெல் அரிய முனைவதை ஒக்கும். அதேவேளை, அறிந்த சொற்களால் எழுதினால் எவரும் எளிதிற் செய்நிரல் எழுதிவிடலாம் என்று அன்று பலர் நம்பியதும் கைகூடவில்லை. சொல் எளிதாயினும், செய்வதை ஒழுங்குபட நினைத்தல் எளிதன்று.

1966இல் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. மறு ஆண்டே ஆறு மாதத்துக்கென மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாக நீண்டது. ரியர் அட்மிரல் பதவியோடு 1986இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. அவ்வளவிலும் இளைப்பாறாமல் ஒரு கணினி நிறுவனத்திலே ஆலோசகரானார். ஊர் ஊராகச் சென்று, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளை மாணவர்க்கு வழங்கி, ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் இதுவென விளக்குவார். அவரது அலுவலகத்து மணிக்கூடு இடப்புறமாய்ச் சுழலும். நேரம் மட்டும் சரியாய் இருக்கும்.

1999ஆம் ஆண்டின் இறுதி நாள்வரை வாழ்ந்து, இயலாதென மறுத்தவர்களிடம் கணினி செய்தவற்றையெல்லாம் காட்டவேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது. 1992 தை மாதம் முதலாந் திகதி அவர் உறக்கத்திலே உயிர் நீத்தார். ஆர்லிங்ரன் தேசிய மயானத்திலே படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.