கோபாலசாமி ஐயங்கார்

நரசிம்ம ஐயங்கார் கோபாலசாமி ஐயங்கார் (மார்ச் 31, 1882 – பெப்ரவரி 10, 1953) தமிழகத்தைச் சேர்ந்த ஆட்சிப்பணியாளரும் அரசியலாளரும் ஆவார். இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராக இருந்த இவர், ஜம்மு காஷ்மீர் தொடர்பான 370ஆம் உறுப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்.

பணி வாழ்க்கை

தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் உதவிப் பேராசிரியராக இருந்தபின் 1905இல் சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்து, ஆட்சியராகவும் பொதுப்பணித்துறைச் செயலராகவும் உயர்ந்தார். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தார். மன்னர் ஹரி சிங் 1939இல் பிறப்பித்த காஷ்மீர் அரசியலமைப்புச் சட்டம் இவரது பதவிக்காலத்தைச் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் நேரு அமைச்சரவையில் இடம்பெற்று, 1948இல் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தென்னக இரயில்வே 1951இல் உருவானபோது தொடருந்துத் துறை அமைச்சர் இவரே.

370ஆம் உறுப்பு

அக்டோபர் 17, 1949 அன்று, அப்போது 306-அ என எண்ணிடப்பட்டிருந்த இவ்வுறுப்பை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தார். காஷ்மீருக்கு மட்டும் ஏன் வேறுபாடு என ஹசரத் மொகானி வினவினார். அங்கு போர் முடிந்து முழு அமைதி திரும்பவில்லை, ஒரு பகுதி எதிர்த்தரப்பின் வசமுள்ளது, சிக்கல் ஐ.நா.வில் இருக்கிறது என்று கோபாலசாமி விளக்கினார். மாநிலத்தின் அரசியல் நிர்ணய சபை கூடியபின் அது பரிந்துரைத்தால் இவ்வுறுப்பைக் குடியரசுத் தலைவர் நீக்கலாம் என்பது ஏற்பாடு. அச்சபை பரிந்துரைக்காமலே கலைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வாசகத்தில் விடையில்லை. பின்னாளைய வழக்குகள் பலவற்றின் வேர் இந்த இடைவெளியே.

நீதிமன்றங்களில்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. அதற்குப் பொருள் கூறும் இறுதி அதிகாரம் பொதுவாக அம்மாநில உச்ச நீதிமன்றத்துடையது. இந்தியாவில் தனி அரசியலமைப்பு பெற்றிருந்தது ஜம்மு காஷ்மீர் மட்டுமே. கோபாலசாமி அதைக் காணவில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1956 நவம்பரில் ஏற்கப்பட்டு 1957 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன் 6ஆம் பிரிவு நிரந்தரக் குடியிருப்பாளர் யார் என வரையறுத்தது. நிலம் வாங்கும் உரிமையும் அரசு வேலையும் இத்தகுதியைச் சார்ந்திருந்தன. வெளிமாநில ஆணை மணக்கும் பெண் இத்தகுதியை இழப்பாள் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. 2002இல் சுசீலா சாவ்னி வழக்கில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், பெரும்பான்மைத் தீர்ப்பில், இத்தகுதி திருமணத்தால் போகாது என்றது. 2004இல் இத்தீர்ப்பை மாற்றும் முன்வரைவு கீழவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.

2015இல் அதே உயர் நீதிமன்றம் 370ஆம் உறுப்பு நிலையானது எனக் கருதியது. வேறொரு வழக்கில், இந்திய அரசியலமைப்புக்கு வெளியே அம்மாநிலத்துக்கு இறைமை இல்லை என உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. ஆகத்து 2019இல் ஒன்றிய அரசு இவ்வுறுப்பைச் செயலிழக்கச் செய்தது. அரசியல் நிர்ணய சபை என்ற சொல்லைச் சட்டப் பேரவை எனப் படிக்கவைத்த குறுக்குவழி செல்லாது. ஆயினும் சபை கலைந்தபின்னும் குடியரசுத் தலைவரின் அதிகாரம் நீடித்தது என ஐவர் ஆயம் டிசம்பர் 11, 2023 அன்று முடிவு செய்தது. மாநில அரசியலமைப்பும் செயலற்றதாயிற்று.

மறைவு

1952இல் பாதுகாப்பு அமைச்சரான கோபாலசாமி, பதவியில் இருக்கும்போதே தமது 70ஆம் அகவையில் சென்னையில் காலமானார்.