வாளைக் கடந்த வாள்வீரர்

வாளேந்திப் புகழ் பெற்றோர் எந்நாட்டிலும் உளர். வாளுக்கு அப்பால் நிற்பதையே வாட்கலையின் முடிவெனக் கண்டோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் ஜப்பானியப் பெருவீரர் யமவோகா டெஷ்ஷு.

1836-ஆம் ஆண்டில், இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரிலே, ஷோகன் அரசின் அலுவலர் ஒருவருக்கு மைந்தராகப் பிறந்தார். இளமையிலேயே வாட்பயிற்சியும் தூரிகையெழுத்துக் கலையும் கற்றார். பின்னர் ஈட்டிப் போரில் வல்ல யமவோகா செய்ஸானிடம் பயின்றார். ஆசான் மறைந்தபின் அவர்தம் தங்கையை மணந்து, அக்குடும்பப் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார்.

ஆஜானுபாகுவான இவரை எதிர்த்து நிற்போர் அரியர். அத்தகையவர் 1863-இல், இட்டோ-ரியூ என்னும் பழம்பெரும் வாட்பள்ளியின் பேராசான் அசாரி யோஷியாகியிடம் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு அவர்க்கே மாணவரானார். ஆயினும், கண்மூடித் தியானத்தில் அமர்ந்தபோதெல்லாம் ஆசானின் உருவம் வாளேந்தி மலைபோல் எதிர்நின்றது. அதனைக் கடக்க வழி காணாது 17 ஆண்டுகள் வாளையும் ஜென் தியானத்தையும் விடாது பயின்றார்.

இதனிடையே 1868-இல் உள்நாட்டுப் போர் மூண்டு, பேரரசரின் படை எடோவை நெருங்கியது. பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த மாநகர் அழியும் நிலை. ஷோகன் தரப்புத் தூதராகிய டெஷ்ஷு, பகைவர் பாசறைகளினூடே தாம் இன்னாரென உரக்க அறிவித்துச் சென்றார். ஸும்பு நகரிலே படைத்தலைவர் சைகோ டகமோரியைக் கண்டு சமாதானத்திற்கு வழிகோலினார். எடோக் கோட்டை போரின்றிக் கைமாறியது. 1872 முதல் பத்தாண்டுகள் பேரரசர் மெய்ஜியின் அணுக்கராகவும் பணிபுரிந்தார்.

1876-இல் வாள் அணிதலை அரசு தடைசெய்தது. வாட்கலைக்கு இனி வாழ்வேது என உலகம் எண்ணிய வேளையிலே, 1880 மார்ச் 30-ஆம் நாள் வைகறையில் டெஷ்ஷுவின் மனத்தினின்று ஆசானின் உருவம் மறைந்தது. அன்றே அசாரியை எதிர்கொண்டார். மாணவரின் நிலை கண்ட அளவிலே ஆசான் போரிடாது தம் மரவாளைத் தாழ்த்தினார். பள்ளியின் மறைபொருளையும் வழங்கினார்.

டெஷ்ஷு தாம் நிறுவிய பள்ளிக்கு முட்டோ-ரியூ, அதாவது வாளில்லாப் பள்ளி, எனப் பெயரிட்டார். மனத்திற்குப் புறம்பே பகைவன் இல்லை என்பதே அதன் கருத்து. எனினும் பயிற்சியோ கடுமையானது. ஆயிரம் நாள் இடைவிடாது பயின்ற மாணவர், ஒரே நாளில் 200 போட்டிகளில் நிற்றல் வேண்டும்.

1888-இல் வயிற்று நோயால் நலிந்த டெஷ்ஷு, தியானத்தில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். அவரிடம் பயின்ற டகானோ ஸஸாபுரோ, பல பள்ளிகளின் முறைகளை ஒன்றுகூட்டி 1912-இல் கெண்டோவுக்குப் பொதுமுறை வகுத்த குழுவினருள் ஒருவரானார். இன்று மூங்கில் வாளேந்திப் பயிலும் இளைஞர் எவரும் பகைவரை வெட்டப் பயில்வதில்லை. தம்மைச் செம்மை செய்யவே பயில்கின்றனர். தோல்வியை மறவாது, அதனையே குருவாகக் கொண்ட ஒருவரின் தவம் அப்பயிற்சியிலே வாழ்கின்றது.